ஆப்களை வைத்து ஜெர்மன் படிப்பது எப்படி: முதல் நாள் முதல் பி1 வரை முழுமையான வழிகாட்டி

நர்சிங் வேலைக்கோ மேற்படிப்புக்கோ ஜெர்மனி போகத் திட்டமிட்டு, போனில் ஆப்களை இறக்கி ஜெர்மன் படிக்கத் தொடங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வகுப்புக்குப் போகிறவர்களுக்கும் இது உதவும். இதில் வரும் ஏ1, ஏ2, பி1 என்பவை மொழித் திறனின் நிலைகள்: ஏ1 தொடக்க நிலை, ஏ2 அடுத்தது, பி1 இடைநிலை.

புதிதாகத் தொடங்கியவர்கள் பலரைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அவர்கள் சிக்குவதற்குக் காரணம் ஆப் மோசமாக இருப்பது இல்லை. திரையில் நான்கு விடைகளைக் காட்டினால் சரியானதைத் தொட்டுவிடுகிறார்கள். அதே சொல்லைத் திரை இல்லாமல் சொல்லச் சொன்னால் வரவில்லை. பார்த்து அடையாளம் காண்பது வேறு, மனதிலிருந்து எடுத்துத் தருவது வேறு. தேர்விலும் வேலையிலும் இரண்டாவதுதான் வேண்டும். கீழே சொல்லியிருக்கும் வரிசை முழுவதும் அதற்காகத்தான்.

ஜெர்மன் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். நீங்கள் படிக்கும்போது அப்படி எழுதிவைக்காதீர்கள். ஏன் என்பது 2ஆம் பகுதியில் இருக்கிறது.

1. தொடங்கும் முன் செய்ய வேண்டியவை

முதலில் போனில் ஜெர்மன் கீபோர்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மொழி அமைப்புகளில் 'டாய்ச்' என்று இருக்கும். புள்ளி வைத்த உயிரெழுத்துகள் அதில்தான் நேரடியாகக் கிடைக்கும். புள்ளி இல்லாமல் அடித்துப் பழகினால் 'ஷோன்' (ஏற்கெனவே), 'ஷ்யோன்' (அழகான) இரண்டும் ஒரே சொல்லாகிவிடும். பிறகு பிரித்துப் பழகுவது பெரிய வேலை.

இயர்போன் கட்டாயம். போன் ஸ்பீக்கரில் சொல்லின் கடைசி மெய் பல நேரம் காதில் விழாது. ஜெர்மனில் இலக்கணத்தின் பாதி அந்தக் கடைசி எழுத்தில்தான் இருக்கிறது.

ஆப் மூன்று போதும். பாடம் சொல்லித்தர ஒன்று (டுவோலிங்கோ மாதிரி), நினைவில் நிறுத்த ஒன்று (அன்கி: முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை கொண்ட கார்டுகளை இடைவெளி விட்டுத் திரும்பக் கேட்கும் ஆப்), சந்தேகம் தீர்க்க ஒரு அகராதி. ஜெர்மன் சொல்லின் பாலும் பன்மையும் சரிபார்க்க டூடன் என்ற ஜெர்மன் அகராதித் தளம் நம்பகமானது. ஏழெட்டு ஆப்களை நிறுவுகிறவர்கள் ஏழெட்டிலும் 'வணக்கம், என் பெயர்' பாடத்தையே திரும்பத் திரும்பப் படிக்கிறார்கள். ஒவ்வொன்றும் முதலிலிருந்து தொடங்குவதால் முன்னேறுவது போலவே தோன்றும்.

அன்கி கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம். ஆண்ட்ராய்டில் அதன் பெயர் அன்கிட்ராய்டு. ஐபோனில் அன்கிமொபைல் என்ற பெயரில் காசு கொடுத்து வாங்க வேண்டும். வாங்க விருப்பமில்லை என்றால் அன்கிவெப் தளத்தில் உலாவி வழியாகவே இலவசமாகப் படிக்கலாம். இதே பெயரைச் சாயலாகக் கொண்ட வேறு ஆப்களும் கடையில் இருக்கின்றன, பார்த்து இறக்குங்கள்.

கடைசியாக, ஜெர்மன் தேர்வுகளை நடத்தும் கதே இன்ஸ்டிடியூட் வெளியிட்டிருக்கும் ஏ1 சொற்பட்டியலை இறக்கி வையுங்கள். அதில் ஏறத்தாழ 650 சொற்கள். பி1 பட்டியலில் ஏறத்தாழ 2400. எங்கே போய் நிற்க வேண்டும் என்பது தெரிந்துவிட்டால், ஆப் சொல்லித்தரும் 'கரடி பீர் குடிக்கிறது' வகை வாக்கியங்களில் எதை மனப்பாடம் செய்வது, எதை விடுவது என்ற குழப்பம் இருக்காது.

2. முதல் வாரம் ஒலி மட்டும்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிக் குதிக்கிறார்கள். நேராகச் சொற்களுக்குப் போனால் ஒவ்வொரு சொல்லையும் ஆங்கில உச்சரிப்பில் மனதில் பதித்துவிடுவீர்கள். பதிந்த பிறகு மாற்றுவது கடினம்.

சில விதிகளை முதலிலேயே பிடித்துக்கொள்ளுங்கள். டபிள்யூ எழுத்துக்கு 'வ' ஒலி. வி எழுத்துக்குப் பெரும்பாலும் 'ஃப'. இசட் வந்தால் 'ட்ஸ'. இ, ஐ என்ற எழுத்துகள் ஜோடியாக வரும் இடத்தில் இரண்டாவது எழுத்தின் ஆங்கிலப் பெயரே ஒலி: இ-ஐ என்று வந்தால் 'ஐ', ஐ-இ என்று வந்தால் 'ஈ'.

அடுத்தது நம் ஆட்களுக்கே உரிய சிக்கல். தமிழ் எழுத்தில் க, ட, ப ஒவ்வொன்றும் வல்லொலிக்கும் மெல்லிய ஒலிக்கும் பொது. ஜெர்மனில் அவை தனித்தனி எழுத்து, தனித்தனிச் சொல். நன்றி சொல்வதற்கும் வண்டிக்குப் பெட்ரோல் போடுவதற்கும் உள்ள வினைச்சொற்கள் முதல் எழுத்தில் மட்டுமே வேறுபடும். தமிழில் எழுதினால் இரண்டுமே 'டாங்க்கன்'. தோட்டம் என்பதும் சீட்டுகள் என்பதும் இரண்டுமே 'கார்ட்டன்'. அதனால்தான் கார்டிலோ நோட்டிலோ உச்சரிப்பைத் தமிழில் எழுதிவைக்கக் கூடாது என்கிறேன். எழுத்தைப் பாருங்கள், ஒலியைக் கேளுங்கள். நடுவில் தமிழ் எழுத்து வேண்டாம்.

சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. ஜெர்மன் கீபோர்டில் மைக் பொத்தானை அழுத்தி, இந்த ஜோடிச் சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். நீங்கள் 'நன்றி சொல்' என்று நினைத்துச் சொன்னதை அது 'பெட்ரோல் போடு' என்று எழுதினால் உங்கள் முதல் எழுத்து கடினமாக வருகிறது என்று பொருள். தனிச் சொல்லாகச் சொன்னால்தான் இந்தச் சோதனை பலிக்கும். முழு வாக்கியம் சொன்னால் மென்பொருள் சூழலை வைத்துச் சரியானதை ஊகித்துவிடும், உங்கள் பிழை வெளியே தெரியாது.

3. பாட ஆப்: எதற்கு வைத்துக்கொள்வது

பாடத்துக்கான ஆப் புதிய சொல்லையும் புதிய வாக்கிய அமைப்பையும் முதல்முறை அறிமுகம் செய்ய நல்லது. ஒரு நாளைக்கு ஒரு பாடம், 15 நிமிடம், போதும்.

உள்ளே போனதும் இரண்டு மாற்றம் செய்யுங்கள். வாக்கியம் அமைக்கச் சொல்லி ஆப் கீழே சொற்கட்டங்களைக் கொடுக்கும். 'கீபோர்டைப் பயன்படுத்து' என்ற தெரிவு இருக்கும் இடங்களில் கட்டங்களை மூடிவிட்டு அடியுங்கள். கட்டம் இருக்கும்வரை மனம் விடையைத் தேடாது, கட்டங்களில்தான் தேடும். அப்புறம், லீக், புள்ளிப் போட்டி எல்லாவற்றிலிருந்தும் விலகிவிடுங்கள். புள்ளிக்காக விளையாடுகிறவர்கள் பழைய எளிய பாடத்தையே மறுபடி மறுபடி செய்கிறார்கள், அதில்தான் வேகமாகப் புள்ளி வரும்.

ஸ்ட்ரீக் (ஒரு நாளும் விடாமல் படித்த நாட்களின் கணக்கு) தவறில்லை. ஆனால் இரவு 11.50க்கு ஒரு பாடத்தை அவசரமாகத் தட்டி முடித்து ஸ்ட்ரீக்கைக் காப்பாற்றுவதைப் படிப்புக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பாடம் முடிந்ததும் அதிலிருந்து உங்களுக்குத் தேவையான நான்கைந்து சொற்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த படிக்கு மூலப்பொருள் அவைதான்.

4. அன்கியை அமைத்தல்

ஒரே ஒரு டெக் (கார்டுக் கட்டு) போதும். பெயர்ச்சொல் டெக், வினை டெக், வகுப்பு டெக் என்று பிரித்தால் எந்தக் கேள்வி வரும் என்பது முன்பே தெரிந்துவிடும். அது பாதி விடை தெரிந்த மாதிரி.

டெக் அமைப்புக்குள் போய்ப் புதிய கார்டுகளின் எண்ணிக்கையை 20இலிருந்து 10ஆகக் குறையுங்கள். முதல் வாரத்தில் 20 எளிதாகத்தான் தோன்றும். ஆனால் பழைய கார்டுகள் ரிவ்யூவுக்கு, அதாவது மறுபடி கேட்பதற்கு, திரும்பி வந்துகொண்டே இருக்கும். சில வாரங்களில் தினசரி ரிவ்யூ 150ஐத் தாண்டும். நிறையப் பேர் அன்கியைத் தூக்கி எறிவது அந்தக் கட்டத்தில்தான். நாளைக்கு 10 வீதம் போனாலே ஏ1 பட்டியலின் 650 சொற்களும் 65 நாளில் உள்ளே வந்துவிடும்.

அதே பக்கத்தில் எஃப்எஸ்ஆர்எஸ் என்ற கணிப்பு முறையை இயக்குங்கள். உங்கள் விடைகளை வைத்து, ஒரு கார்டு மறக்கப்போகும் நேரத்தை அது கணித்து அப்போது கேட்கும். நினைவு விகிதம் 90 விழுக்காடு என்று இருப்பதை அப்படியே விடுங்கள். 97க்கு ஏற்றினால் ரிவ்யூ மலையாகக் குவியும்.

விடை பார்த்த பிறகு வரும் நான்கு பொத்தான்களில்தான் பெரிய பிழை நடக்கிறது. 'ஹார்டு' என்பதற்கு, யோசித்துக் கஷ்டப்பட்டுச் சரியாகச் சொன்னேன் என்று பொருள். மறந்துவிட்டால் 'அகெய்ன்' மட்டும்தான். மறந்த கார்டுக்கும் மனம் வராமல் 'ஹார்டு' அழுத்துகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் அது உங்களுக்குத் தெரியும் என்றே மென்பொருள் எடுத்துக்கொண்டு இடைவெளியை நீட்டும். குழப்பமாக இருந்தால் இரண்டே பொத்தான்: தெரிந்தால் 'குட்', தெரியாவிட்டால் 'அகெய்ன்'.

5. கார்டு செய்தல்

மற்றவர் செய்த 5000 சொல் டெக்கை இறக்குவது எளிது. முதல் இரண்டு மாதம் அதைச் செய்யாதீர்கள். கார்டைச் செய்யும்போதே பாதி சொல் மனதில் ஏறிவிடும். தவிர, அந்த டெக்குகள் பெரும்பாலும் ஆங்கிலப் பொருளோடு இருக்கும். ஜெர்மனுக்கு அது நமக்குச் சுற்றுவழி.

பொருளைத் தமிழில் எழுதுங்கள். காரணம் பற்று அல்ல, இலக்கணம். 'உனக்கு உதவுகிறேன்' என்பது ஜெர்மனில் 'இஹ் ஹெல்ஃபே டீர்'. 'டீர்' என்றால் சரியாக 'உனக்கு'. நான்காம் வேற்றுமைக்கு நான்காம் வேற்றுமையே வருகிறது. ஆங்கிலத்தில் அந்தக் 'கு' கண்ணுக்கே தெரியாது. 'எனக்குப் பிடித்திருக்கிறது', 'எனக்குக் குளிர்கிறது', 'இது எனக்குச் சொந்தம்' எல்லாமே ஜெர்மனிலும் 'எனக்கு' என்றுதான் அமையும். மரியாதையும் அப்படியே: 'டூ' என்றால் நீ, 'ஸீ' என்றால் நீங்கள். ஆங்கில வழியாகப் படித்தால் இரண்டும் ஒன்றாகி, தேர்வில் அலுவலகக் கடிதத்துக்கு 'நீ' போட்டு மதிப்பெண் இழப்பீர்கள்.

தமிழ் கைவிடும் இடங்களும் உண்டு. அவற்றுக்குத் தனிக் கார்டு வேண்டும். நாம் 'உனக்கு போன் பண்ணுகிறேன்' என்போம். ஜெர்மன்காரர் 'உன்னை' என்பார்: 'இஹ் ரூஃபே டிஹ் ஆன்'. நாம் 'உன்னிடம் கேட்கிறேன்' என்போம், அங்கே அதுவும் 'உன்னைக் கேட்கிறேன்'தான். இப்படி முரண்படும் வினைகளுக்கு முழு வாக்கியத்தை எழுதி, 'உன்னை' வரும் இடத்தை மட்டும் மறைத்து வையுங்கள். அன்கியில் 'க்ளோஸ்' என்ற கார்டு வகை இதற்குத்தான்.

பெயர்ச்சொல் கார்டின் முன்பக்கம் படம் அல்லது தமிழ்ச் சொல். பின்பக்கம் மூன்றும் சேர்ந்து வர வேண்டும்: பால் காட்டும் சொல், பெயர், பன்மை. ஆப்பிள் என்றால் 'டேர் ஆப்ஃபல், டீ எப்ஃபல்'. மூன்றையும் வாய்விட்டுச் சொன்னால்தான் 'குட்'. ஜெர்மனில் மேசை ஆண்பால், கதவு பெண்பால், ஜன்னல் அஃறிணை மாதிரி மூன்றாம் பால். பொருளைப் பார்த்து ஊகிக்க முடியாது. வெறும் சொல்லை மட்டும் படித்துவிட்டு ஆறு மாதம் கழித்து 600 சொற்களுக்கும் பால் சேர்க்க உட்காருவது மறுபடி முதலிலிருந்து படிப்பதற்குச் சமம்.

வினைக்கு அது வாங்கும் முன்னிடைச் சொல்லையும் சேர்த்தே எழுதுங்கள். காத்திருப்பது 'வார்ட்டன்' இல்லை, 'வார்ட்டன் அவுஃப்'.

ஒரு கார்டில் ஒரு கேள்விதான். ஒரே சொல்லுக்கு ஐந்து அர்த்தத்தையும் பின்பக்கம் அடுக்கினால் மூன்று தெரியும், இரண்டு தெரியாது, எந்தப் பொத்தானை அழுத்துவது? ஒலியைக் கட்டாயம் சேருங்கள். ஃபோர்வோ தளத்தில் அந்த மொழிக்காரர்களே பதிந்த உச்சரிப்புகள் கிடைக்கும்.

6. தினசரி வரிசை

காலையில் எழுந்து முதலில் அன்கி ரிவ்யூ. அடுத்து 15 நிமிடம் கேட்டல். மாலையில் பாட ஆப், அதன்பின் கார்டு செய்தல். இரவு ஐந்து நிமிடம் பேச்சு.

ரிவ்யூவை முதலில் வைப்பதற்குக் காரணம், அதை மட்டும்தான் தள்ளிப்போட முடியாது. பாடம் நாளைக்கும் அங்கேயே இருக்கும், மறக்கப்போகிற சொல் இருக்காது. புதிய பாடத்தில் தொடங்குகிறவர்கள் களைத்த பிறகு ரிவ்யூவுக்கு வருகிறார்கள். தெரிந்த சொல்லையும் தவற விடுகிறார்கள், மென்பொருள் அதை மறந்ததாகக் கணக்கில் எழுதிவிடுகிறது.

பேருந்தில் நின்றுகொண்டே ரிவ்யூ செய்யலாம், தவறில்லை. ஆனால் உதடாவது அசைய வேண்டும்.

7. காதுப் பயிற்சி

ஏ1 முதல் பி1 வரை டாய்ச்ச வெல்லே என்ற ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனத்தின் 'நிகோஸ் வேக்' வீடியோ பாடங்கள் இலவசம். சின்னச் சின்னக் காட்சிகள், கூடவே எழுத்து வடிவமும் இருக்கிறது. பி1 தாண்டியதும் அதே நிறுவனம் மெதுவாக வாசிக்கும் செய்திக்குப் போகலாம்.

கேட்பதற்கும் ஒரு வரிசை உண்டு. முதல் இரண்டு தடவை எழுத்தைப் பார்க்காமல் கேளுங்கள். மூன்றாவது தடவை ஒரு வாக்கியம் ஓடியதும் நிறுத்தி, கேட்டதை எழுதுங்கள். பிறகுதான் எழுத்து வடிவத்தைத் திறந்து ஒப்பிட வேண்டும். எங்கே கோட்டைவிட்டீர்கள் என்பதில் ஒரு ஒழுங்கு தெரியும். 'ஐனன்' என்று அவர்கள் சொன்னது உங்கள் காதில் 'ஐன்' என்று விழுந்திருக்கும். அந்த ஓர் அசைதான் 'ஒருவனை' என்பதற்கும் 'ஒருவன்' என்பதற்கும் வேறுபாடு.

திரையில் வசன எழுத்தை ஓடவிட்டு முதல் தடவையே படிக்கிறவர்களுக்குக் கண் வேலை செய்கிறது, காது சும்மா இருக்கிறது. தேர்வில் கேட்டல் பகுதியில் வசன எழுத்து ஓடாது.

8. பேச்சும் எழுத்தும்

ஆளில்லாமல் தொடங்கலாம். செயற்கை நுண்ணறிவு சாட்பாட் ஒன்றிடம் முதல் செய்தியிலேயே நிபந்தனையைச் சொல்லிவிடுங்கள்: ஏ2 அளவு ஜெர்மன் மட்டும், ஒரு தடவைக்கு ஒரு கேள்வி, என் பதிலில் முக்கியமான இரண்டு பிழையை மட்டும் திருத்து. நிபந்தனை இல்லாவிட்டால் அது பத்து வரி விளக்கம் எழுதும், நீங்கள் வாசகராகிவிடுவீர்கள். திருத்தம் சந்தேகமாக இருந்தால் டூடனில் பாருங்கள், சரியானதையும் சில நேரம் சாட்பாட் திருத்தும்.

தமிழர்கள் அதிகம் தவறும் இடம் வினையின் இடம். சாதாரண வாக்கியத்தில் வினை இரண்டாவது இடத்தில் நிற்கும். 'இன்று நான் சினிமாவுக்குப் போகிறேன்' என்பது 'இன்று போகிறேன் நான் சினிமாவுக்கு' என்று அமையும். ஆங்கிலம் பழகிய மனம் 'இன்று நான் போகிறேன்' என்று அடுக்கிவிடும். ஆனால் 'வைல்' (ஏனென்றால்) போன்ற சொல் வந்துவிட்டால் வினை கடைசிக்குப் போய்விடும், அங்கே தமிழ் மாதிரியே யோசிக்கலாம். தினமும் இரவு, அன்று நடந்ததைப் பற்றி ஐந்து வாக்கியம்: மூன்று 'இன்று' என்று தொடங்கட்டும், இரண்டில் 'வைல்' வரட்டும். போனில் பதிவுசெய்து கேளுங்கள்.

ஏ2 முடியும் நேரத்தில் ஆள் வேண்டும். டேண்டம் போன்ற மொழிப் பரிமாற்ற ஆப்களில் பேச்சுத்துணை கிடைக்கும். பாதி நேரம் ஜெர்மன், பாதி நேரம் அவர் கற்கும் மொழி என்று முதலிலேயே பேசிவிடுங்கள், இல்லாவிட்டால் முழு உரையாடலும் ஆங்கிலத்தில் முடியும்.

9. இடையில் விட்டுப்போனால்

காய்ச்சல், கல்யாணம், நைட் டூட்டி என்று பத்து நாள் போகும். திறந்தால் 400 ரிவ்யூ நிற்கும். ஒரே நாளில் முடிக்க உட்காராதீர்கள், டெக்கை அழித்துப் புதிதாகவும் தொடங்காதீர்கள். புதிய கார்டை 0 ஆக்குங்கள். ரிவ்யூ உச்ச வரம்பை 60க்கு இறக்குங்கள். குவியல் கரைந்ததும் பழைய எண்களுக்குத் திரும்புங்கள்.

எட்டுப் பத்துத் தடவை மறந்த கார்டு வந்தால், கார்டில்தான் குறை. படம் மாற்றுங்கள், வாக்கியமாக்குங்கள், அல்லது நீக்கிவிடுங்கள்.

10. தேர்வுக்கு ஆறு வாரம் இருக்கும்போது

பாட ஆப்பை நிறுத்திவிடுங்கள். ரிவ்யூ மட்டும் தொடரட்டும். அந்த நேரத்தைக் கதே தளத்தில் இருக்கும் இலவச மாதிரித் தேர்வுகளுக்குக் கொடுங்கள், கடிகாரம் வைத்து.

ஏனென்றால் தேர்வில் கேட்பவற்றில் சில ஆப்களில் வருவதே இல்லை. ஏ1 எழுத்துப் பகுதியில் ஒரு படிவம் நிரப்பி, ஏறத்தாழ 30 சொற்களில் ஒரு சிறு செய்தி எழுத வேண்டும். பேச்சுப் பகுதியில் பெயரை எழுத்துக்கூட்டச் சொல்வார்கள், எண் கேட்பார்கள். ஆங்கிலப் பழக்கம் இங்கே காலை வாரும்: நாம் 'ஈ' என்று சொல்லும் எழுத்து அங்கே 'ஏ', நாம் 'ஐ' என்பது அங்கே 'ஈ'. விஜய் என்ற பெயரை 'ஃபௌ, ஈ, யொட், ஆ, உப்ஸிலோன்' என்று கூட்ட வேண்டும். உங்கள் பெயர், ஊர், தெரு மூன்றையும் இப்படிக் கூட்டிப் பழகுங்கள். ஈரிலக்க எண்களில் ஒன்றின் இலக்கம் முதலில் வரும், பத்தின் இலக்கம் பின்னால்: 21 என்பது 'ஒன்றும் இருபதும்'. கண்ணில் படும் வண்டி எண்களை எல்லாம் இரண்டிரண்டு இலக்கமாக ஜெர்மனில் சொல்லிக்கொண்டே போகலாம்.

பி1இல் படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் நான்கும் தனித்தனி. ஒவ்வொன்றிலும் 100க்கு 60 வேண்டும், தனித்தனியாகவும் எழுதலாம். ஆப் வழியாகப் படித்தவர்களுக்குப் படித்தலும் கேட்டலும் முதலில் தயாராகும், எழுத்து பின்தங்கும். மாதிரித் தேர்வில் எழுத்து 60க்குக் கீழே நின்றால், கடைசி ஆறு வாரமும் நாளுக்கு ஒரு கடிதம் எழுதி, தெரிந்த ஆசிரியர் ஒருவரிடம் காட்டித் திருத்துங்கள். அவர் திருத்திய வாக்கியங்களை மட்டும் கார்டாக்கி அன்கியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.